ஆறரை மணிப் புகை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அத்தையும், உங்கள் மனைவியும் நலம். நலமில்லாமல் இருந்தது உங்கள் கார் ஒன்றுதான். இன்று காலை முதல் அதுவும் நலம். பத்தொன்பது நாட்களாக உங்கள் நலத்தை ஒருவரும் விசாரிக்காததற்கு மன்னிக்க வேண்டும். யாரும் முதலில் பேசக் கூடாது என்பது உங்கள் அத்தையின் உத்தரவு. தொலைபேசியில் ரகசியமாகப் பேசலாம் என்றால், என் ரகசியக் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். ஆகவே குழாயில் தண்ணீர் கலங்கலாக வருவதைப் பற்றி நகராட்சிக்குப் புகார் எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு, மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அன்று மதியம் அலுவலகத்திலிருந்து கிளம்பிய உங்கள் மனைவி, ஆறு மணி நேரம் ஓட்டிக்கொண்டு ஒரே ஒரு பையுடன் இங்கே வந்து இறங்கினாள். கடைசி அரை மணி நேரம் இருட்டிவிட்டதாம், இனி இருட்டில் வண்டியைத் தொட மாட்டேன் என்றாள். ஒரு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்றாள். என்னம்மா விஷயம் என்று உங்கள் அத்தை கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டாள். நீங்கள் அவளுக்கு முன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறீர்களாம். காரின் பானெட்டைத் திறந்து உள்ளே ஒரு கையை விட்டுக்கொண்டு, கால் மணி நேரம் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறீர்களாம். "என்கூட உட்கார்ந்து ஒரு காபி குடிக்க நேரமில்ல, வானத்தைப் பார்க்க மட்டும் நேரம் இருக்கு. கேட்டா ஒண்ணுமில்லங்கறார்," என்றாள். இதே குற்றச்சாட்டு என் மேலும் முப்பத்தொரு வருடமாக இருக்கிறது. ஆனால் நான் வானிலை அலுவலகத்தில் இருந்தவன், வானத்தைப் பார்த்ததற்குச் சம்பளமாவது வந்தது. உங்களுக்கு அந்த வசதி இல்லை.

மறுநாள் காலைக்குள் கோபம் பாதி கரைந்துவிட்டது. பெற்ற மகளை எனக்குத் தெரியாதா? பையைக் கட்டிக்கொண்டு ஆறரை மணிக்குக் காரில் உட்கார்ந்தாள், உங்களிடம் திரும்பி வரத்தான். ஏழு டிகிரி குளிர். சாவியை முதல் திருப்புத் திருப்பியதும் டாஷ்போர்டில் சுருள் போல ஒரு சின்ன விளக்கு எரிந்து அணைந்தது. அடுத்த திருப்பில் என்ஜின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. மூன்று முறை முயன்றாள். இறங்கினாள், பையை எடுத்தாள். "அதுக்கே அங்க போக இஷ்டமில்லப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அதிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. தினமும் ஆறரை மணிக்கு வந்து சாவியைத் திருப்புவாள். கிளம்பினால் போகிறேன், கிளம்பாவிட்டால் இருக்கிறேன் என்பாள். உச்சி வெயிலில் அதே கார் தொட்டதும் கிளம்பும். அப்போது போகலாமே என்றால், போய்ச் சேர இருட்டிவிடும், இருட்டில் ஓட்ட மாட்டேன் என்பாள். அலுவலகத்துக்கு விடுப்பை நீட்டி எழுதினாள். உங்கள் குடும்பம் ஒரு என்ஜினின் தயவில் நின்றது.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பாட்டரிதான், சந்தேகமே வேண்டாம் என்றார். குளிரில் பாட்டரிக்குப் பாதி உயிர்தானாம். ஆகவே நான் அதைக் கழற்றிக் கொண்டுவந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் வைத்து, என் கம்பளியையும் போர்த்திவிட்டேன். உங்கள் அத்தை அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையணை வேண்டாமா என்று மட்டும் கேட்டாள். காலையில் மாட்டினால் என்ஜின் முன்பைவிட வேகமாகச் சுற்றியது. பிடிக்கத்தான் இல்லை. பாட்டரி குற்றமற்றது என்று தெரிந்தது, எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

இதற்கு நடுவில் நான் ஒரு தவறு செய்தேன், உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. காலையில் உங்கள் மனைவி வருவதற்கு முன்பே போய்க் காரில் உட்கார்ந்து சாவியை ஒரு திருப்பு மட்டும் திருப்பி, அந்தச் சுருள் விளக்கைப் பார்க்க ஆரம்பித்தேன். உள்ளே சூடேறுகிறது, பொறு என்பதற்கான விளக்காம் அது. என்னைப் பொறு என்று அவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் சொன்னதில்லை. சுற்றிலும் கண்ணாடியில் ஆவி படிந்து தெரு மறைந்துவிடும். எதிர்வீடு போய்விடும், நம் வீடு போய்விடும், ஓய்வு பெற்றதுகூட மறந்துவிடும். நான் வருடக்கணக்காகக் கீழே நின்று எழுதிக்கொண்டிருந்த மேகத்துக்குள் இப்போது நானே ஓட்டிக்கொண்டு போவது போல இருக்கும். ஒரு நாள் விளக்கு அணைந்தது தெரியாமல் கண்ணயர்ந்துவிட்டேன். உங்கள் அத்தை கண்ணாடியைத் தட்டி, வண்டி கிளம்பிடுச்சா என்று கேட்டாள். கிளம்பி ரொம்ப தூரம் வந்துவிட்டேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு சாவியை என்னிடம் கொடுப்பதில்லை.

அடுத்து தெருமுனை மெக்கானிக். அவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். பதினொரு மணிக்கு முன்னால் பட்டறையே திறக்க மாட்டார். அவர் வந்து தொட்டதும் கார் நல்ல பிள்ளையாகக் கிளம்பியது. குளிரில் வரும் நோயைக் குளிரில்தான் பார்க்க முடியும், ஒரு ராத்திரி முழுக்க ஆறினால்தான் ஒரே ஒரு தடவை சோதிக்கலாம், ஆகவே ஒரு நாளைக்கு ஒரு பரீட்சைதான் என்றார். பிறகு எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "அவங்க சாவி திருப்பும்போது நீங்க பின்னாடி நில்லுங்க சார். வெள்ளைப் புகை வந்தா டீசல் வருது, எரியல, அப்ப உள்ள சூடேத்தற ஹீட்டர் பிளக் போச்சு. புகையே இல்லன்னா டீசலே வரல." கவனித்துச் சொல்வது என் தொழில். மறுநாள் காலை பின்னால் போய் நின்றேன். வெள்ளையாக, அடர்த்தியாக, என் முழங்கால் வரை வந்தது. அடர்த்தி, உயரம், நகரும் திசை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். இவ்வளவு விவரமாக எந்த வாடிக்கையாளரும் சொன்னதில்லை என்று அவர் நெகிழ்ந்துவிட்டார்.

நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் பாட்டரியில் தொட்டுக் காட்டினார். இரண்டின் நுனி சிவந்தது, இரண்டு கறுப்பாகவே இருந்தன. நான்கையும் புதிதாக மாற்றினார். மறுநாள் கிளம்பவில்லை, பின்னால் புகை மட்டும் அப்படியே இருந்தது என்று சொன்னேன். பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் ரிலேயை மாற்றினார். கிளம்பவில்லை, புகை இருந்தது. வயர்களின் முனையைச் சுரண்டித் துடைத்தார். புகை இருந்தது. இப்படி ஒரு வாரம் போனது. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, உங்கள் அத்தை என்னைக் கூப்பிட வந்தவள் எனக்குப் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "என்னங்க, வாசனையே இல்லையே. கண்ணும் எரியல. இது பனிங்க," என்றாள். பிறகு நிதானமாக நடந்து காரின் முன்னால் போய் நின்று, "முன்னாடியும் இருக்கு," என்றாள். நான் முன்னால் போய்ப் பார்க்கவே இல்லை, மாப்பிள்ளை. முப்பத்தொரு வருடம் மூடுபனியை நேரம் போட்டு எழுதி வைத்தவன், அதைப் புகை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது பழைய அலுவலகத்துக்குத் தெரிந்தால் என் ஓய்வூதியத்தையே நிறுத்திவிடுவார்கள்.

புகையே இல்லை என்று தெரிந்ததும் மெக்கானிக், அப்படியானால் டீசலே வரவில்லை என்று சொல்லி, என் குறிப்புச் சீட்டை மடித்து என்னிடமே கொடுத்தார். அதன் பிறகு குளிரோ மழையோ ஏதோ ஒன்று தட்டிக்கொண்டே போய், கடைசியில் நேற்று அந்த மனிதர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஆறு மணிக்கு எழுந்து, காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். டீசல் போகும் வழியில் கண்ணாடி போன்ற ஒரு குழாயை இணைத்தார். உங்கள் மனைவி சாவியைத் திருப்பினாள். குழாய்க்குள் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, யாருக்கும் அவசரமில்லாமல், போய்க்கொண்டே இருந்தன. அவ்வளவு அழகான கோளாறை நான் பார்த்ததில்லை. நானும் உங்கள் அத்தையும் மெக்கானிக்கும் தலையோடு தலை இடித்துக்கொண்டு குனிந்து பார்த்தோம். பிறகு அவர் என்ஜினுக்குள் துழாவி, விரல் நீளமுள்ள ஒரு ரப்பர் குழாயில் முடி போல ஒரு வெடிப்பைக் காட்டினார். ராத்திரிக் குளிரில் அது வழியாகக் காற்று உள்ளே போய், டீசல் எல்லாம் மெல்லத் தொட்டிக்கே திரும்பி இறங்கிவிடுகிறதாம்; வெயிலில் ரப்பர் இளகி வெடிப்பு மூடிக்கொண்டால் சாவியைத் திருப்பும்போதே ஏறிவிடுமாம்.

அப்போதுதான் அவர் டீசலை வடிகட்டும் பில்டருக்கு மேலே இருக்கும் சின்னக் கை பம்ப்பைப் பார்த்தார். சுற்றியிருந்த எல்லாமே எண்ணெயும் தூசியுமாகக் கறுத்திருக்க, அந்தப் பம்ப்பின் தலை மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்ந்து பளபளத்தது. "இந்த வெடிப்பு ரெண்டு வருஷமாவது இருக்கும்மா. யாரோ தினமும் காலையில இதை அழுத்தியிருக்காங்க. நாப்பது தடவை அழுத்தி டீசலை மேல ஏத்தி, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வெச்சாத்தான் அப்புறம் யார் எடுத்தாலும் கிளம்பும்," என்றார். இறங்கி வந்து நின்ற உங்கள் மனைவியின் கையில் காபி இருந்தது. அதைக் குடிக்காமலே காரின் மேல் வைத்தாள். "நான் எட்டு மணிக்கு வந்தா ஒரே திருப்புல கிளம்பும்பா. நல்ல வண்டின்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பனி என்று சொல்லிச் சமாளித்தேன், ஒருவரும் நம்பவில்லை.

ஏன் மாப்பிள்ளை அவளிடம் சொல்லவில்லை? ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டு நாற்பது முறை அழுத்தினால் அது எப்படி அவள் காதில் விழும்? நானும் அந்த ரகம்தான் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். வானத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்; எதற்காக நிற்கிறீர்கள் என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நேற்றே புதுக் குழாய் போட்டாகிவிட்டது. இன்று காலை ஆறரைக்கு ஒரே திருப்பில் கிளம்பியது. உடனே அணைத்துவிட்டு, நாளைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கார் பூரண குணம். இனி நீங்கள் குளிரில் வெளியே போய் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் இருவருக்கும் இனி வரும் காலையெல்லாம் ஒரே திருப்பில் விடியட்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு (மறுநாள் எழுதுவது): மேலே கார் குணமாகிவிட்டதாக எழுதியதை அடித்துவிடவும். இன்று காலை மாடி ஜன்னலைத் திறந்தால், கீழே உங்கள் மனைவி பானெட்டைத் திறந்து உள்ளே ஒரு கையை விட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். பதறிக்கொண்டு இறங்கி ஓடினேன். நேற்று மாலை மெக்கானிக்கிடம் போய், புதுக் குழாயைக் கழற்றிப் பழையதையே மாட்டி வாங்கி வந்திருக்கிறாள். புதியது அவள் கைப்பையில் காகிதத்தில் சுற்றி இருக்கிறது. "அவரே மாட்டட்டும்பா. நான் பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கிறேன்," என்றாள். எத்தனை முறை அழுத்தினாய் என்று கேட்டேன். நாற்பத்திரண்டு என்றாள். "அதுவரைக்கும் பார்க்கறதுக்கு வேற இடமே இல்லப்பா, வானம் மட்டுந்தான் இருக்கு." காரைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டும் விட்டாள்; இந்தக் கடிதம் வருவதற்குள் அங்கே வந்திருப்பாள். ரகசியமும் போயிற்று; தபால் தலை கொண்டுவந்து கொடுத்த உங்கள் அத்தை, "நகராட்சிக்கு எழுதினதுல மாப்பிள்ளையை நான் விசாரிச்சதா ஒரு வரி சேர்த்துடுங்க," என்கிறாள். சேர்த்துவிட்டேன். கார் தெரு முனையில் திரும்பிப் போனபின்னும் வாசலில் வெள்ளையாக ஏதோ மிதந்துகொண்டிருந்தது. இந்த முறை குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். புகைதான்.