எலி மாறாது என்றொரு ஆணை

எந்த வரைபடத்திலும் அகப்படாத மாறாபுரி நாட்டில், எலிகள் விஷத்தைத் தின்றுவிட்டுச் சாகாமல் திரிந்தன.

விதைநெல் களஞ்சியத்தின் அதிகாரி செண்பகவல்லிக்கு அந்தக் 'கறக்... கறக்...' சத்தம் காதை விட்டுப் போகவில்லை. விதைப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நெல் போனால் நாடே பட்டினி. அம்மனைக் கும்பிட்டு, நெற்றிக் குங்குமம் காயும் முன்பே சபைக்கு ஓடினாள்.

"மகாராஜா, விஷத்துல சாகிற எலியெல்லாம் செத்துப்போச்சு. தப்பிச்சது போட்ட குட்டிங்களுக்கு விஷமே ஏற மாட்டேங்குது. தலைமுறைக்குத் தலைமுறை எலி மாறிக்கிட்டே வருது. விஷத்தை நிறுத்திட்டு, நெல்லுக் குதிருக்கெல்லாம் எலிப்பல் இறங்காத செப்புத் தகடு அடிக்கணும்."

மந்திரி பரஞ்சோதியார் மெல்ல எழுந்தார். "எலி மாறுகிறது என்றால், படைத்தவர் சரியாகப் படைக்கவில்லை என்று பொருள். அதாவது, படைத்தவரே இல்லை என்கிறீர். அம்மணி, நீர் நாத்திகர்!"

"ஐயோ! நான் எலியைப் பத்தித்தானே பேசினேன்? அம்மனைப் பத்தி எப்பங்க பேசினேன்? மாறுற மாதிரி படைச்சதே அவதானுங்களே!"

"இரண்டும் ஒன்றே," என்றார் அரசர், கொட்டாவியை அடக்கியபடி.

மறுநாள் முரசு அறைந்தார்கள். எலி என்றும் எலியே. மாறுகிறது என்பவர் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. விஷம் இரட்டிப்பாயிற்று. விஷம் தின்றும் சாகாத எலிகளைப் பிடித்துத் தின்ற பூனைகள் செத்தன. பூனைகளுக்காக வருந்துவதும் குற்றம் என்று அடுத்த முரசு.

நாத்திகர் சங்கமாவது குரல் கொடுக்காதா என்று செண்பகவல்லி அங்கே ஓடினாள்.

"வாங்கம்மா!" என்று எழுந்தார் தலைவர் அறிவொளி. "எலி மாறுதுன்னுட்டீங்க, இனி நம்ம ஆளு. குங்குமத்தை மட்டும் அழிச்சிடுங்க."

"அது முடியாதுங்க."

"அப்ப எலி மாறுதுன்னு சொல்ல உங்களுக்கு என்னம்மா தகுதி?" கதவு சாத்திக்கொண்டது.

விதைப்பு நாளன்று களஞ்சியத்தைத் திறந்தார்கள். உமி. மூலைக்கு மூலை உமி மட்டும்.

மந்திரி அசரவில்லை. "அரசாணையை மீறி எலிகள் சாகாமல் இருந்திருக்கின்றன. ஆகவே எலிகளும் நாத்திகர்களே. அவற்றைக் கெடுத்தவள் இவள். நாடு கடத்துங்கள்!"

அரண்மனைக் கொல்லை வழியாக அவளை இழுத்துப் போனார்கள். டங்... டங்... சுத்தியல் சத்தம். அரசரின் சொந்தக் குதிர்களுக்குக் கொல்லர்கள் செப்புத் தகடு அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசைத் தகடுகளில் பச்சைக் களிம்பே பூத்திருந்தது. எப்போதோ தொடங்கிய வேலை.

அவள் மந்திரியைப் பார்த்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அரண்மனை எலி வேறம்மா," என்றார் காதோரம். "அது கொஞ்சம்... மாறிடுச்சு."

முன்வாசலில், விதை வாங்க வந்த சனம் இப்போது கஞ்சிக்கு நின்றது. அகப்பை உயரும்போதெல்லாம் ஒரே குரலில் கத்தியது:

"எலி என்றும் எலியே!"