நான் மறைத்து வைத்த பதினான்கு

கூச்ச சுபாவம் உள்ளவனால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெண் பார்க்கப் போன அன்று என் மாமனாரும் அதை நம்பித்தான் தலையாட்டினார். அது பொய். கூச்சக்காரன் வாயைத் திறக்காமலேயே ஆளைக் கொல்லக்கூடியவன். நான் ஒருநாள் இரண்டு பேரைக் கொல்லப் பார்த்தேன். அதில் ஒருவன் நான்.

தம்போய் என்கிற ஊரில் ஒரு சிறிய கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். மீனும் இறைச்சியும் வைக்கும் குளிர் அறைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற கம்பெனி. கதவு, கம்ப்ரசர், விசிறி, பனி உருக்கும் ஹீட்டர் எல்லாம் அந்தப் பெட்டி சொன்னபடி கேட்கும். பெட்டி எப்படிக் கேட்க வேண்டும் என்று புரோகிராம் (ஆபீசில் கோட் என்போம்) எழுதுகிறவர் மிஸ் யோங். அதை ஊர் ஊராகப் பொருத்தப் போகிறவன் என் மனைவியின் தம்பி சேகர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன், ஒரு வரிக்கு ஒரு மிடறு காப்பி என்ற வேகத்தில்.

இப்படிப்பட்டவன் சாஃப்ட்வேர் புத்தகத்தை ஒழுங்குபடுத்தினான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். (நானும் நம்பவில்லை. நம்பாமல் இருந்தபோதே மறுத்திருக்க வேண்டும்.)

நடந்தது இதுதான். எங்கள் பெட்டிக்குள் முந்நூறுக்கு மேற்பட்ட கட்டளைகள் உண்டு. கதவைத் திற, விசிறியை நிறுத்து, இப்படி. சர்வீஸ் ஆட்கள் மடிக்கணினியைச் சொருகி, கட்டளையின் பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்தால் பெட்டி கேட்கும். எல்லாக் கட்டளைக்கும் விளக்கம் எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. அந்தப் புத்தகத்தை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. புரோகிராமிலேயே ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே மிஸ் யோங் நாலு வரி விளக்கம் எழுதி வைத்திருப்பார். பெட்டி அந்த வரிகளைப் படிக்காது. வேறொரு மென்பொருள் வந்து அந்த வரிகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் புத்தகமாக்கும். ஆகவே புரோகிராமில் இருப்பது புத்தகத்தில் இருக்கும், புத்தகத்தில் இல்லாதது புரோகிராமிலும் இல்லை. கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது.

சிக்கல் என்னவென்றால், கட்டளைகள் எல்லாம் ஆங்கில அகர வரிசையில் குப்பையாகக் கிடந்தன. கதவுக்கும் ஹீட்டருக்கும் நடுவே விசிறி. வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். முதலாளி (தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம்) மிஸ் யோங்கைத் திட்டினார். மிஸ் யோங் திட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டு என் ஸ்டோருக்குள் வந்தவர், என் அலமாரிகளைப் பார்த்து நின்றுவிட்டார். திருகாணி ஒரு பக்கம், வயர் ஒரு பக்கம், ஒவ்வொரு தட்டிலும் என் கோணல் எழுத்தில் பெயர். எது கதவுக்கு, எது கம்ப்ரசருக்கு என்று உன்னைவிட யாருக்குத் தெரியும் என்று மலாயில் கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்.

வேலை சுலபம்தான். விளக்க வரிகளுக்கு மேலே @ குறி போட்டு இன்குரூப் என்று அடித்து, பக்கத்தில் கூட்டத்தின் பெயரை அடிக்க வேண்டும். கதவு என்று அடித்தால் அந்தக் கட்டளை புத்தகத்தில் கதவுப் பகுதிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு குறியும் காட்டினார். @ போட்டு இன்டர்னல் என்று அடித்தால் அந்த விளக்கம் வெளியே போகிற புத்தகத்தில் வராது. வெளி ஆட்கள் பார்க்க வேண்டாததற்கு அதைப் போடு, சந்தேகம் வந்தால் என்னைக் கேள் என்றார்.

சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. அவர் மேசைக்கும் என் மேசைக்கும் பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடியை நடப்பதைவிட மூன்று வாரம் யோசிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

கம்பெனிக்கு வருமுன் பதினெட்டு வருடம் தோட்டத்து ஸ்டோரில் இருந்தவன் நான். அங்கே சட்டம் ஒன்றுதான். களைக்கொல்லி, எலி மருந்து, ஆசிட் எல்லாம் உள்ளறையில் வைத்துப் பூட்டு, கண்ணில் படாததை யாரும் எடுத்துக் குடிக்கமாட்டார்கள். இங்கேயும் அதையே செய்தேன். எந்தக் கட்டளையின் விளக்கத்தில் அபாயம், எச்சரிக்கை, அவசரம் என்கிற ஆங்கிலச் சொற்கள் இருந்தனவோ (அந்த மூன்றும் எனக்கு நன்றாகத் தெரியும், மருந்து டப்பாக்களில் படித்தவை), அதற்கெல்லாம் இன்டர்னல் போட்டேன். மொத்தம் பதினான்கு. ஹீட்டரைக் கட்டாயமாக நிறுத்துவது அதில் ஒன்று. பூட்டிக்கொண்ட கதவை அவசரமாகத் திறப்பது இன்னொன்று. வாடிக்கையாளர் கைக்கு எட்டாமல் வைத்துவிட்ட திருப்தியில் அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

புத்தகம் வந்தது. நீல அட்டை, பகுதி பகுதியாக. தவுக்கே முதன்முறையாக என் பெயரைச் சரியாக உச்சரித்தார். மிஸ் யோங்குக்கு வேறு ஆர்டர் தலைக்கு மேல் இருந்ததால் புரட்டிப் பார்த்து, ரொம்பச் சுத்தம் என்றார். சுத்தம்தான். துடைத்து வைத்த மாதிரி.

இரண்டு மாதம் கழித்து மெர்சிங்கில் படகுத்துறை அருகே ஒரு மீன் வியாபாரிக்குப் புதுக் குளிர் அறை. கூடமாட உதவ ஆள் வேண்டுமென்று சேகர் என்னையும் அழைத்துப் போனான். காலை பத்து மணிக்கு எல்லாம் தயார். உள்ளிருந்து தள்ளித் திறக்கும் கைப்பிடியும், சென்சார் வயர் நுழையும் ஓட்டையை அடைக்கும் ரப்பரும் மட்டும் பாக்கி. ஒரு சோதனை ஓட்டிவிட்டு அவற்றைப் போடலாம் என்றான் சேகர்.

நான் பின் சுவரில் சென்சாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வியாபாரியிடம் வேலை செய்கிற பாக் டின் என்ற மலாய்க்காரர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மீன் பெட்டிகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். ஈரக் கால், ரப்பர் செருப்பு. பெட்டிகளின் உயரத்தில் நாங்கள் இருவரும் வெளியே தெரியவில்லை.

சேகர் வெளியிலிருந்து, எல்லாரும் வெளிய வந்தாச்சா என்று கேட்டான். இன்னும் இல்லை என்று நான் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். என் குரலில் சொன்னேன். என் குரல் எனக்கே சில சமயம் கேட்பதில்லை.

கதவு நகர்ந்து மூடியது. சோதனை இரண்டு மணி நேரம், அதுவரை பூட்டு விடாது. மின்சாரத்தை நிறுத்தினாலும் விடாது. மீன் கெடாமலிருக்க எங்கள் கம்பெனி பெருமையோடு செய்த ஏற்பாடு அது.

நான் கதவைத் தட்டினேன். கல்யாண வீட்டில் யாரோ குளிக்கும்போது தட்டுவோமே, அப்படி. பாக் டின் என்னைத் தள்ளிவிட்டு ஒரு மீன் பெட்டியால் மோதினார். அதற்குப் பிறகுதான் சேகருக்குத் தெரிந்தது. வயர் ஓட்டையில் வாய் வைத்து, பயப்படாதீங்க மச்சான், கட்டளை ஒன்னு இருக்கு, அஞ்சு நிமிஷம் என்றான். புத்தகத்தைப் புரட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஒழுங்குபடுத்திய புத்தகம். கதவுப் பகுதி எவ்வளவு அழகாகத் தனியே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் என்ன இருக்காது என்பதும் அந்த நொடியில்தான் தெரிந்தது.

கம்ப்ரசர் முந்தின இரவிலிருந்தே ஓடியதால் உள்ளே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. முதலில் காது மரத்தது, பிறகு விரல். பாக் டின் சிரித்தார். ஆயுள் முழுக்க மீனை இந்தக் குளிரில்தான் போட்டேன், அதற்கு எப்படி இருக்கும் என்று இன்றுதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன் என்றார். நான் என் சாக்ஸைக் கழற்றி அவர் காலில் மாட்டினேன். கால் ஏற்கனவே மெழுகு போல வெளுத்திருந்தது.

சேகர் ஆபீசுக்கு அழைத்தான். மிஸ் யோங் வங்கியிலோ எங்கோ வெளியே போயிருந்தார். போனை எடுத்த பையனும் அதே நீலப் புத்தகத்தைத்தான் புரட்டினான். அப்படி ஒரு கட்டளை இல்லை, எடுத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டான். சேகர் தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்தான். அவர்கள் ஒரு விபத்துக்குப் போயிருந்தார்கள், வருகிறோம் என்றார்கள்.

இங்கே நான் ஒன்றை எழுத வேண்டும். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கதவு மூடிய இரண்டாவது நிமிடத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் நான் வாயைத் திறந்தது இருபதாவது நிமிடத்தில். நடுவில் இருந்த பதினெட்டு நிமிடமும் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு மனிதர் பேசுவதை நிறுத்திவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் சுற்றி வளைத்துப் பார்த்தேன். ஓட்டையில் வாய் வைத்து, "மச்சான், கோட்ல பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

"புக்லயே இல்லங்கிறேன். கோட்ல மட்டும் எப்படி இருக்கும்?"

அவன் சொன்னது சரி. சட்டம் அது. அந்தச் சட்டத்தை உடைத்தவன் நான் ஒருவன்தான்.

"நான்தான் மறைச்சேன்."

"என்னா மச்சான்? கேக்கல. பலமா பேசுங்க."

பாக் டின்னின் தலை அவர் நெஞ்சின்மேல் தொங்கியது. நான் கத்தினேன். பிறந்த அழுகைக்குப் பிறகு நான் கத்தியது அதுதான் என்று நினைக்கிறேன். "கதவ திறக்குறத நான்தான் புக்ல வராம மறைச்சு வச்சேன். கோட்ல இருக்கு. இன்டர்னல்னு போட்டிருக்கேன். பதினாலு இருக்கு, அதுல கதவு எதுன்னு பாக்கச் சொல்லுங்க."



"ஏன் மச்சான் அப்படி செஞ்சீங்க?"

"ஆபத்துன்னு போட்டிருந்துச்சு."

பிறகு, "சரி. செத்துப் போயிடாதீங்க. அக்காகிட்ட நான்தான் சொல்லணும்" என்றான். ஓடும் சத்தம் கேட்டது.

நான் பாக் டின்னை உலுக்கினேன். அவர் கண் திறந்து, அவனிடம் என்ன சொன்னாய் என்று மலாயில் கேட்டார். நாங்கள் பேசியது முழுக்கத் தமிழ். அவருக்குத் தமிழில் சோறு, தண்ணி தவிர வேறு தெரியாது.

கதவை எப்படித் திறப்பது என்று சொன்னேன், என்றேன். அது பொய் இல்லை. (இந்த ஒரு வரியை நான் எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.)

அடுத்த ஆறாவது நிமிடம் கதவு நகர்ந்தது. வெளிச்சத்தில் சேகரின் முகம் எங்களைவிட வெளுத்திருந்தது.

எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். பாக் டின் மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். இடது காலில் கடைசி இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கம்பெனி அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தது. புத்தகத்தில் ஒரு பகுதி விடுபட்டுப்போனது என்று மட்டும் தவுக்கே அந்த வியாபாரியிடம் சொன்னார், யார் விட்டது என்று சொல்லவில்லை. மிஸ் யோங், தானே சரி பார்த்திருக்க வேண்டும் என்று அழுதார். என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நிறுத்தவில்லை. பதினான்கு இன்டர்னலையும் நானே உட்கார்ந்து அழித்தேன், ஒவ்வொன்றையும் மிஸ் யோங்கின் மேசைவரை நடந்துபோய்க் காட்டி.

மருத்துவமனைக்குப் பார்க்கப் போனபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பாக் டின்னின் மனைவியும் இரண்டு மகள்களும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் நுழைந்ததும் அவர் என் கையைப் பிடித்து அவர்களுக்குக் காட்டினார். இவர்தான் சாக்ஸைக் கழற்றிக் கொடுத்தவர், எல்லோரும் வழி தெரியாமல் நின்றபோது உள்ளே இருந்தே வழி சொன்னவர் என்றார். அந்தம்மா அழுதார். நான் வாயைத் திறந்தேன். அவர்கள் எல்லோரும் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார்கள். நான் ஆரஞ்சுப் பழப் பையை நீட்டினேன்.

அதிலிருந்து மாதம் தவறாமல் மெர்சிங்கிலிருந்து பஸ்ஸில் ஒரு பொட்டலம் வருகிறது. நல்ல திருக்கைக் கருவாடு, சில மாதம் நெத்திலி. நாலு வருடமாகிவிட்டது. என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அவரே கொண்டுவந்தார், கொஞ்சம் சாய்ந்து நடந்து. சாப்பாட்டு மேசையில் சேகர் வழக்கம்போல் அந்தக் கதையை ஆரம்பித்தான். பதினாலு பதினாலு என்று நான் ஓட்டையில் கத்தியதை நடித்துக் காட்டினான். சம்பந்தி வீட்டார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பாக் டின்னும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, என்ன கதை என்று என் காதருகே கேட்டார்.

அன்றைக்கு நாங்கள் பயந்த கதை என்றேன்.

வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளெல்லாம் இந்த விளையாட்டு உண்டு. போன வாரம்கூட, பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்க, என் மனைவி கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "உயிர காப்பாத்துன மகராசனுக்கு இன்னொரு துண்டு வைக்கவா?"

நான் தட்டை நீட்டினேன்.