ஏரிக்கரையில் என் ஞாயிற்றுக்கிழமைகள்

பெங்களூர் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஏழாவது நாள் தூங்க உரிமை உண்டா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள். என் மனைவி மரகதத்தைக் கேட்டால் இல்லை என்பாள்.

"ஏங்க, இந்த ஞாயித்துக்கிழமை பரணை ஒழிக்கணும்."

எங்கள் ஸ்ரீராம்புரம் வீடு தீப்பெட்டி அளவு. பரண் மட்டும் கல்யாண மண்டபம் அளவு. பதினாலு வருஷக் குப்பை. ஏறினால் அன்றைக்கு இறங்க முடியாது. இறங்கினால் மறுநாள் நிமிர முடியாது.

அன்றுதான் சபதம் எடுத்தேன். இனி என் ஞாயிறு என்னுடையது!

அதற்கு வழி மாடி வீட்டில் இருந்தது. அங்கே குடியிருக்கும் பார்கவி காலேஜ் பெண். இளைஞர் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிறுதோறும் ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளுவது, கரையில் மரக்கன்று நடுவது என்று அலைகிறாள்.

"மரகதம், நான் ஏரியைக் காப்பாத்தப் போறேன்."

"அப்போ பரணு?"

"பரண் எங்கடி ஓடிடப் போகுது? ஏரிதான் ஓடிடும்! எத்தனை ஏரி பஸ் ஸ்டாண்டு ஆயிடுச்சு இந்த ஊர்ல!"

"திடீர்னு இன்னா இவ்ளோ அக்கறை?"

"எப்பவுமே உள்ளே இருந்துச்சு. இப்பதான் வெளியே வருது."

ஊருக்கு உழைக்கப் போகிறவனை எந்தப் பெண்டாட்டி தடுப்பாள்?

திட்டம் இதுதான். காலை ஏழு மணிக்கு ஏரிக்கரை. பார்கவியின் நோட்டில் கையெழுத்து. கையுறை மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ. பிள்ளைகள் எல்லாரும் தண்ணீரில் இறங்கியதும், நான் மூங்கில் புதருக்குப் பின்னால் நழுவி, ஆட்டோ பிடித்து, அடுகோடியில் நண்பன் முனிகிருஷ்ணன் வீட்டுக் கட்டில். பன்னிரண்டு மணி வரை தூக்கம். கிளம்பும்போது அவனுடைய ரோஜாத் தொட்டி மண்ணைக் குழைத்து பேண்ட்டில், சட்டையில், நெற்றியில்கூடக் கொஞ்சம்.

"நெத்தி எதுக்குடா?" என்றான் முனிகிருஷ்ணன்.

"உழைச்சவன் நெத்தியைத் தொடைப்பான்டா! இதெல்லாம் ஒரு கலை."

முதல் ஞாயிறு வீடு திரும்பினேன். மரகதம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அழுக்குச் சட்டையை வாங்கி, அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஐயோ பாவம், எவ்ளோ ஒழைச்சிருக்கீங்க!"

வெந்நீர் வந்தது. மட்டன் குழம்பில் இருந்த ஒரே நல்லி எலும்பும் என் தட்டுக்கே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெற்றி!

இரண்டாம் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் அதே வெற்றி. பரண் பேச்சே இல்லை. மூன்றாம் வாரம் அவள் விரலில் ஒரு கட்டு. "கீரை ஆயும்போது முள்ளு குத்திடுச்சு" என்றாள். அரைக்கீரையில் ஏது முள் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. நல்லி எலும்பு ஆறிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை பார்கவி என்னை மாடிப்படியில் நிறுத்தினாள். "அங்கிள், நாளைக்கு ஏரிக்கரைல உங்களுக்கு சன்மானம், சால்வை போட்டு மரியாதை பண்றோம். ஆண்ட்டியையும் கூட்டிட்டு வாங்க."

தூங்கினவனுக்கே சால்வை போடுகிற ஊர்! வாழ்க பெங்களூர்!

ஞாயிறு காலை நாற்பது பிள்ளைகள் கைதட்ட, தோளில் சால்வை, கழுத்தில் மாலை, தலையில் சரிகை போட்ட மைசூர்த் தலைப்பாகை. மரகதம் முதல் வரிசையில் நின்றாள். என் நெஞ்சு ஏரிக்கரையைவிட உயரமாகிவிட்டது.

பார்கவி மைக் பிடித்தாள். "கரையில நட்ட அறுபது கன்னுக்கும் தண்ணி ஊத்தணும். ஒரு வருஷம், ஞாயித்துக்கிழமை தவறாம வர ஒருத்தர் வேணும்னு கேட்டோம். யாரும் கை தூக்கல. குணசேகர் அங்கிள் தானா முன்வந்திருக்கார்!"

காது கிழியக் கைதட்டினார்கள். "நான் எப்பம்மா..." என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மரகதம் மாலையைச் சரிசெய்கிற சாக்கில் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"ஏரிச் சேறு கறுப்பு. நீங்க பூசிக்கினு வந்தது செம்மண்ணு. துவைக்கிறவளுக்குத் தெரியாதா?" என்றாள், உதடு அசையாமல்.

"நீ எப்போ இங்கே..."

"ரெண்டு வாரமா நீங்க நழுவினதும் நான்தான் வந்து வேலை செய்யிறேன். இதுல பாதிக் கன்னு நான் நட்டது. முனிகிருஷ்ணன் சம்சாரம் சந்திரம்மாவும் போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டா. உங்க பேரைக் குடுத்ததும் நான்தான். முடியாதுன்னு சொல்லுங்க, அந்தக் கட்டில் கதையை மைக்ல சொல்றேன். சிரிங்க, போட்டோ எடுக்கறாங்க."

சிரித்தேன். ஐம்பத்திரண்டு ஞாயிறுகளுக்கும் சேர்த்துச் சிரித்தேன்.

"போகட்டும், பரணாவது தப்பிச்சுதே" என்றேன் மெதுவாக.

"அதெப்படி? மண்வெட்டி, கூடை, குடம் எல்லாம் பொறுப்பாளர் வீட்லதான் வெக்கணுமாம். நம்ம வீட்ல வேற எங்க எடம் இருக்கு?"

அன்று மத்தியானம் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பரண் ஏறினேன். ஒட்டடை தலையில் விழாமல் இருக்க மைசூர்த் தலைப்பாகையைப்போல் வேறொன்று கிடையாது.