நான் சாமானாக இறங்கிய விவரம்

திருவனந்தபுரம்,
புதன்கிழமை.

போனக்காடு எஸ்டேட்டில் இருக்கும் தம்பி தங்கையனுக்கு உன் சின்னக்கா ராகேல் எழுதிக்கொள்வது. மழையும் அட்டையும் உன்னைத் தின்னாமல் கர்த்தர் காத்துவருகிறார் என்று நம்புகிறேன். அவர் கிருபையால் நானும் இருக்கும் இடத்தில் சுகமாய் இருக்கிறேன். எண்பத்து மூன்றாம் வருஷம் நீ வாங்கிக்கொண்டு போன என் குடையும் உன்னிடம் சுகமாய் இருக்கும். அதைக் கேட்க இந்தக் கடிதம் இல்லை.

உன் மலையில் போன் எடுக்காது என்பதால் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆரியசாலையில் உன் பெரியக்கா விஜயம் வீட்டுக்குள் நான் போய்விட்டேன், இருபத்தெட்டு வருஷத்து ஆணையை முறித்துவிட்டேன் என்று சொந்தக்காரர் யாராவது மலையேறி வந்து உன்னிடம் சொல்லுவார்கள். போனது உண்மை. முறித்தது பொய். நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன், தீர்ப்பை நீ சொல். நான் ஆணையிட்டபோது பக்கத்தில் நின்றவர்களில் அவளைத் தவிர இன்றைக்கு உயிரோடு இருப்பது நீ ஒருவன்தான்.

நீ மறந்திருப்பாய், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். தொண்ணூற்றாறு மே மாதம், அவர்கள் புதிதாய்க் கட்டிய ஆரியசாலை வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம். நானும் நீயும் நேமத்திலிருந்து பஸ்ஸில் முழுப் பலாப்பழமாய் ஒரு பெரிய சக்கையை மாறிமாறிச் சுமந்துகொண்டு போனோம். உன் பெரியக்கா தன் மாமியார் வீட்டு ஆட்கள் முன்னால் அதை இரண்டு விரலால் தட்டிவிட்டு, "கூழனையா சுமந்துட்டு வந்தே?" என்று கேட்டாள். வெட்டிப் பார்க்கவில்லை, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் சக்கையைத் திருப்பி எடுத்துக்கொண்டு படியிறங்கி, "இனி இந்த வாசல்படியை என் கால் மிதிக்காது" என்று சொன்னேன். இதுதான் வார்த்தை, ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை. வீட்டில் வந்து வெட்டியபோது கூழனைப்போல் கொழகொழவென்று இல்லை, கடித்தால் நறுக்கென்று கேட்கும் சுத்தமான வருக்கை. நீ பதினொரு சுளை தின்றாய். தின்றவன் பெரியக்காவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் என் மனதில் இருக்கிறது.

அதற்காக நான் அவளைப் பார்க்காமல் இருக்கவில்லை. கல்யாணத்தில் பேசுவோம், சாவு வீட்டில் பேசுவோம். அவள் வீட்டுக்குப் போனால் நான் தெருவில் நிற்பேன், அவள் படிக்கு உள்ளே நிற்பாள். மழை பெய்தால் உள்ளே நின்றபடியே கையை நீட்டி எனக்குக் குடை பிடிப்பாள். ஒரு குறையும் இல்லாமல்தான் நடந்துகொண்டிருந்தது. போன மாதம் அவள் குளிமுறியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது கட்டிலோடு கிடக்கிறாள். அவளால் படிவரை வர முடியாது. என்னால் படியைத் தாண்ட முடியாது. அவள் மருமகள் ஜினி போனைக் காதில் வைத்துக் கொடுத்தால் மூச்சு மட்டும் கேட்கும். ஒரே ஒரு நாள், "ஏட்டி, நீ வரவே மாட்டியா?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. போதகரிடம் போய்க் கேட்டேன். ஆணையிடுவதே தப்பு என்றார். அதைத் தொண்ணூற்றாறில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

என் மருமகன் சத்தியநேசனை உனக்குத் தெரியும், கல்யாண வீடுகளுக்கு நாற்காலியும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணத்துக்கு நீ ஒரு மணிநேரம் பிந்தி வந்ததால் மாப்பிள்ளையைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாய். அவன் நாற்காலி ஏற்ற பைக்குக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் செய்திருக்கிறான். இரண்டு சக்கரம், இரும்புச் சட்டம், மேலே பலகை. பைக்கின் பின்புறம் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு இரும்பு உருண்டை, டிரெய்லர் மூக்கில் அதைக் கவ்விக்கொள்ள ஒரு கிண்ணம், கழன்றுவிடாமல் ஒரு பின். எனக்கு ஒன்று புரியவில்லை. வளைவில் பைக் சரிகிறதே, டிரெய்லர் ஏன் கூடச் சரியவில்லை? இரண்டு நாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கிண்ணத்துக்குள் உருண்டை எந்தப் பக்கமும் சுற்றும் மாமி, அதனால் பைக் தன்பாட்டுக்குச் சரியும், டிரெய்லர் தன்பாட்டுக்கு நேரே நிற்கும் என்றான். கையை விட்டுச் சுற்றிப் பார்த்தேன், உண்மைதான். அந்தக் கிரீஸ் இன்னும் சேலையைவிட்டுப் போகவில்லை. உன் பெரியக்கா இடுப்பிலும் இப்படித்தான் கிண்ணமும் உருண்டையும் வைத்துப் பூட்டியிருக்கிறார்களாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்குக் கிரீஸ் போட்டார்களா என்று யாரைக் கேட்டாலும் சிரிக்கிறார்கள்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. ஆட்டோவில் போனால் ஆட்டோ வாசலோடு நின்றுவிடும், அதற்கு மேல் கால்தான். டிரெய்லர் அப்படியில்லை. ஜினியை டேப் பிடித்து அளக்கச் சொன்னேன், வாசல் மூன்றடி நாலங்குலம். டிரெய்லர் மூன்றடி இரண்டங்குலம். படி ஒன்றே ஒன்று, பலகை போட்டால் சக்கரம் ஏறும். மிதிப்பது சக்கரம். என் கால் இல்லை. சத்தியநேசன் தலையைச் சொறிந்துகொண்டு, "மாமி, நடந்து போனா கர்த்தர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றான். கர்த்தர் சொல்ல மாட்டார், சொந்தக்காரர்கள் சொல்லுவார்கள் என்றேன்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். வெறும் பலகையில் உட்கார்ந்தால் எனக்கு முதுகு போய்விடும் என்று, கல்யாண மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்றைக் கயிற்றால் கட்டினான். புகை முகத்தில் அடிக்காதபடி பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். அதனால் வழி முழுவதும் போன இடத்தைத்தான் பார்த்தேனே தவிர போகிற இடத்தைப் பார்க்கவில்லை. பாப்பனங்கோட்டிலிருந்து ஒரு பஸ் என் முழங்கால் முட்டுக்கு நேரே வந்துகொண்டிருந்தது. டிரைவரும் நானும் முகத்துக்கு முகம். அவர் என்னைப் பார்க்காத மாதிரி இருந்தார். நான் கையைக் காட்டி எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன், போர்டில் எழுதியிருக்கிறது என்று அவரும் கையாலேயே காட்டினார். இன்னொன்றும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். திருப்பத்தில் பைக் போன தடத்தில் டிரெய்லர் போகாது, உள்பக்கமாக ஒடித்துக்கொண்டு வரும். கரமனையில் இடதுபக்கம் ஒதுங்கியபோது அப்படித்தான் ஒரு லாட்டரிக்காரரின் பெரிய குடை டிரெய்லர் கம்பியில் மாட்டி எங்களோடு வந்துவிட்டது. நல்ல நிழலாக இருந்தது. அவர் ஓடிவந்து கேட்டதும் அந்த நிமிஷமே கொடுத்துவிட்டேன். குடையைக் கேட்டால் கொடுப்பதுதான் மரியாதை.

கிள்ளிப்பாலத்தில் ஒரு போலீஸ்காரப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். இதில் ஆள் ஏறக்கூடாது, சாமான் மட்டும்தான் ஏற்றலாம், அம்மச்சி இறங்கணும் என்றாள். இறங்கினால் திரும்ப ஏற நாலு பேர் வேண்டும் என்று மடங்காத என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். எதைச் சாமான் என்பீர்கள் என்று கேட்டேன். தானாக ஏறி இறங்க முடியாததெல்லாம் சாமான்தான் என்றாள். அப்படியானால் நானும் சாமான்தான், அப்படியே எழுதிக்கொள் மகளே என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியநேசனை நிற்கவைத்து நன்றாகத் திட்டினாள், இனி இதில் ஆளைக் கண்டால் வண்டியைப் பிடித்துவைப்பேன் என்றாள். பிறகு என்னிடம், "சாமான்னா சாமான் மாதிரி மிண்டாம இரிக்கணும் கேட்டோ" என்று சொல்லி, உள்தெரு வழியாக மெதுவாகப் போகச் சொல்லிவிட்டாள். ஆரியசாலைவரை நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் அதுதான் நீளமான மௌனம்.

வீட்டு முன்னால் போய் நின்ற பிறகுதான் ஒரு விஷயம் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. பைக்குக்குப் பின்னால் போகிற கியர் கிடையாது. முன்னால் இழுத்தால் நாய்க்குட்டி மாதிரி கூடவே வருகிற டிரெய்லர், காலை ஊன்றிப் பின்னால் தள்ளினால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் திரும்பி பைக்கோடு மடங்கிக்கொள்கிறது. எதனால் அப்படி என்று இன்னும் எனக்குப் புரியவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன். சத்தியநேசன் எட்டுத் தடவை தள்ளிப் பார்த்தான். தெருவில் பருப்பு மூட்டை லாரி இரண்டு ஹார்ன் அடிக்கிறது. கழற்றிக் கையால் தள்ளிவிடுகிறேன் என்று பின்னை உருவினான் பார், நான் உட்கார்ந்திருந்தது சக்கரத்துக்கு முன்னால், அதனால் மூக்கு தரையில் குத்திவிட்டது, நான் மல்லாந்துவிட்டேன். ஆரியசாலை வானத்தை அவ்வளவு தெளிவாக நான் முன்னால் பார்த்ததில்லை, முழுக்க வயர். சத்தியநேசன் மூக்கைத் தூக்க முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது எதிர்த்த கடைத் திண்டில் உட்கார்ந்திருந்த, மூட்டை ஏற்றி இறக்குகிற சுமட்டுத் தொழிலாளிகள் நாலு பேர் எழுந்து வந்தார்கள். நீலச் சட்டை, தலையில் துண்டு. அவர்களுக்கு மூப்பன் பேர் லிங்கம், சங்கரன்கோவில் பக்கத்து ஆள். என்ன லோடு என்று கேட்டான். போலீஸ் பயம் இன்னும் தெளியாத சத்தியநேசன், சாமான்தான் அண்ணாச்சி என்றான்.

"சாமான்னா இந்தத் தெருவில இறக்குறது நாங்கல்லா. நீ எப்படி இறக்கலாம்?"

"அய்யோ அண்ணாச்சி, இது எனக்க மாமியாராக்கும்."

"நீதானய்யா இப்பம் சாமான்னு சொன்னே. நெல்லுன்னு சொல்லி அரிசிய இறக்குவியோ?"

எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது. மல்லாந்து கிடந்தபடியே, அவர் சொல்லுவதுதான் நியாயம், இறக்கட்டும் என்றேன். கூலி விஷயம் அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள், அது எனக்கு வேண்டாத விஷயம். எங்கே இறக்கணும் என்று லிங்கம் கேட்டான். உள்ளே, கட்டில் பக்கத்தில், ஆனால் என் கால் வாசல்படியில் படக்கூடாது என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் தலைகீழாக வைக்கக்கூடாது என்று எழுதியிருந்தால் ஏன் என்றா கேட்பார்கள்.

நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். டிரெய்லரை அளந்த நாங்கள் நாற்காலியை அளக்கவில்லை, அதன் தங்கக் கலர் கை இரண்டும் வாசலில் இடித்துவிட்டது. ஒருபக்கமாகச் சரித்தார்கள். "அம்மச்சி, கால மடக்கிக்கோங்க" என்றான் லிங்கம். மடங்குகிற காலா அது. இரண்டையும் நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டேன், படி எனக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் போனது. தாண்டின பிறகு, பட்டதா என்று கேட்டேன். படவில்லை என்று நாலு பேரும் சொன்னார்கள். என் இடதுகால் செருப்பு மட்டும் நழுவிப் படிமேல் விழுந்து கிடந்தது. செருப்பு காலாகுமா, ஆகாதா? இதை நீதான் யோசித்துச் சொல்ல வேண்டும்.

உன் பெரியக்கா தலையணையில் சாய்ந்து என்னையும் வெல்வெட் நாற்காலியையும் பார்த்தாள். பாதியாகிவிட்டாள் தங்கையா. கழுத்து எலும்பு தெரிகிறது. எங்கே வைக்கணும் என்று லிங்கம் அவளிடம் கேட்டான்.

"எங்க வேணும்னாலும் வைங்கோ. திருப்பி எடுத்துட்டுப் போவ மட்டும் விடாதீங்கோ."

நாற்காலியைக் கீழே வைத்ததும் முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அது வருக்கை என்றேன். தெரியும் என்றாள். வெட்டாமல் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இருபத்தெட்டு வருஷமா நீ ஊரெல்லாம் சொல்லிட்டு நடக்கே, எனக்குச் செவி கேக்காதா?" என்றாள். தப்பு என்று அவள் சொல்லவில்லை, கவனித்துக்கொள். பிறகு இடுப்பைக் காட்டினாள். உருண்டை திரும்பும்போது சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. நல்ல கிரீஸ்தான் போட்டிருக்கிறார்கள்.

ஆக, ஆணை அப்படியே இருக்கிறது, நானும் அவளைப் பார்த்துவிட்டேன். யாராவது வந்து கேட்டால் இப்படியே சொல். உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். உன் கூரை ஒழுகாமலும் உன் கால் அட்டைக்கு அகப்படாமலும் கர்த்தர் உன்னைத் தாங்குவாராக. உன் பேர் சொல்லி ஜெபிக்க நான் ஒரு நாளும் மறந்ததில்லை, நீ எனக்குச் செய்ததையும் மறந்ததில்லை.

இப்படிக்கு உன் சின்னக்கா,
ராகேல்.

பின்குறிப்பு: சாயங்காலம் நாலு மணிக்கு என்னைத் திருப்பி ஏற்ற லிங்கம் வருவதாகச் சொன்னான், பெருமழையாகப் போய்விட்டது. மறுநாள் ஞாயிறு, அவர்களுக்கு வேலை இல்லை. திங்கட்கிழமை ஹர்த்தால். அதனால் இந்தக் கடிதத்தை உன் பெரியக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நேற்றுக் காலை தெருவில் மீன்காரி கூப்பிட்டாள், நல்ல சாளை. வாங்கிக்கொண்டுவந்து பாதி மீன் அரிந்த பிறகுதான் நான் வாசல்படியை மிதித்து வெளியே போனதும், மிதித்து உள்ளே வந்ததும் எனக்கே தெரிந்தது. இரண்டு காலாலும். கட்டிலிலிருந்து பார்த்தால் வாசல் நேரே தெரியும். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். புளி கொஞ்சம் கூட வை என்று சொன்னாளே தவிர, அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை இல்லை. எந்த நாளில் சொல்லிக் காட்ட எடுத்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அது தெரியும்வரை நான் இங்கேதான் இருக்கப் போகிறேன். டிரெய்லரைக் கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.