பூஜ்யம் வாங்கிய புருஷன்

சத்தம் துணிக் குவியலுக்குள்ளிருந்து வந்தது. பாதி மடித்த போர்வையைப் போட்டுவிட்டு ராக்கோழி குவியலைக் கிளறினார். ராத்திரி வேலை பார்ப்பவருக்குத் தெரு வைத்த பெயர் அது. சட்டை, பாவாடை, தலையணை உறை எல்லாவற்றையும் தாண்டி, ஒரு சாக்ஸுக்குள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது.

பேசியவர் நூலகர். "இங்க கம்ப்யூட்டர் படுத்துடுச்சுங்க. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில, யார்கிட்ட போயிருக்கு, ஒண்ணும் தெரியல. நாற்பதாயிரம் புத்தகம்! நேத்து வரைக்குமான நகல் உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கு சார்" என்று வாய் சொல்லிவிட்டது. உண்மையில் இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது.

காரணம் இருந்தது. நூலகப் பட்டியலைத் தினமும் விடிந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நகலெடுப்பது அவர் பொறுப்பு. அதற்கு அவரே ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்யவேண்டிய கட்டளை வரிகள், எழுதியிருந்தார். முடிந்ததும் திரையில் ஓர் எண் வரும். பூஜ்யம் வந்தால் எல்லாம் சரி. வேறு எதுவும் வந்தால் எங்கோ பிழை. "பூஜ்யம் இல்லேன்னா எழுப்பு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார்.

"பூஜ்யம் வாங்கினா பாஸா?" என்று கேட்டாள் அவள்.

"எங்க தொழில்ல அப்படித்தான்."

"அப்ப நீங்க பிறவி மேதைதான்."

ஒன்று வந்தாலும் எழுப்பினாள், இரண்டு வந்தாலும் எழுப்பினாள். அதோடு விட்டாளா? "எழுந்ததுதான் எழுந்தீங்க, அப்படியே தண்ணித் தொட்டியைக் கழுவிடுங்க!"

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், ஸ்கிரிப்டின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். திரையில் 'ஆச்சு' என்று எழுதும் வரி. ஸ்கிரிப்ட் தன் கடைசி வரியின் கதியைத்தான் எண்ணாகச் சொல்லும். 'ஆச்சு' என்று சொல்வதில் யார் தோற்பார்கள்? நகல் நொண்டினாலும் நொறுங்கினாலும் எண் பூஜ்யம். பிழைகளை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை தூங்கினார். இப்படியே பதினெட்டு நாள், அடித்துப் போட்ட தூக்கம்.

"யாரு போன்ல?" எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"என் வேலை போச்சும்மா! டிஸ்க் நிறைஞ்சிருக்கும், நகல் நின்னிருக்கும். உன்னை ஏமாத்தத்தான் அந்த வரியைப்..."

"நிறைஞ்சுதான் போச்சு. போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை."

"உனக்கெப்படித் தெரியும்?"

"மேல இடமில்லைன்னு எழுதியிருக்கு, கீழ ஆச்சுன்னு எழுதியிருக்கு. நீங்க குழாயை மூடியாச்சுன்னு சொன்னாலே போய்ப் பார்க்கிறவ நான். இதைப் பார்க்க மாட்டேனா? உங்க ஆச்சுவைத் தூக்கிட்டேன். ஒரு வரி தப்பினா அங்கேயே நில்லுன்னு எழுதினேன். புது டிஸ்க் வாங்கி மாட்டினேன். அன்னையிலேருந்து வர்றது அசல் பூஜ்யம்."

ஓடிப்போய்ப் பார்த்தார். நேற்றைய தேதி போட்டு, நாற்பதாயிரத்துச் சொச்சம் வரிகள் வரிசையாக நின்றன. நூலகருக்கு அனுப்பினார். "வயித்துல பாலை வார்த்தீங்க" என்றார் நூலகர். யார் வார்த்த பால் என்று சொல்லாமலே ராக்கோழி போனை வைத்தார்.

"என்னை எழுப்பியிருக்கலாமே?"

"எழுப்பத்தான் வந்தேன். வாயைப் பிளந்துக்கிட்டு, பச்சைக் குழந்தை மாதிரி கிடந்தீங்க. எத்தனையோ வருஷமா நீங்க அப்படித் தூங்கிப் பார்க்கல. மனசு வரல."

கைகூப்பலாம் என்று பார்த்தார். கையில் சாக்ஸ் இருந்தது. அதோடு கூப்பினார். இவள் வாய்த்ததற்கு எந்த ஜன்மத்தில் என்ன செய்தோமோ என்று நெஞ்சு நிறைந்தது. அப்புறம்தான் ஆண்மை கொஞ்சம் உறுத்தியது.

"அது சரி, இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட? சொல்லித் தர ஆளில்லாம, ராத்திரி ராத்திரியா ஒரு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டு நான் படிச்சதாச்சே!"

"சத்தம் போட்டுத்தானே படிச்சீங்க? நடுவுல ஒரு சுவர்தான். நீங்க படிச்சுக் கத்துக்கிட்டதை நான் படுத்தே கத்துக்கிட்டேன்."

ராக்கோழி போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்தார். மற்ற இரண்டையும் அவள் பிடித்தாள்.