பதவி உயர்வு பெற்ற ஃப்யூஸ்

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. அதை அடக்கி ஆண்டவர்களும் உண்டு. ஆனால் மின்சாரத்துக்கே அலுவலக நடைமுறை கற்றுக்கொடுத்த பெருமை ஒரு மருந்து விநியோக அலுவலகத்தையே சேரும். அந்த மகத்தான பணியை அருகிலிருந்து தரிசிக்கும் பாக்கியம் அங்கே வேலை பார்த்த எலக்ட்ரீஷியனுக்கு வாய்த்தது. கேட்டு வாங்கிய பாக்கியம் இல்லை.

குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்தைக் கெடாமல் கொண்டுபோக, அலுவலக வேனில் ஒரு ஃப்ரிட்ஜ் பொருத்துவதென்று முடிவாயிற்று. பேட்டரியிலிருந்து அதற்கு வயர் இழுப்பது எலக்ட்ரீஷியனின் வேலை. வேன் ஓட்டுவது அவருடைய மச்சினன். வயர் போவது அவன் சீட்டுக்கு அடியில். ஆகவே அவருக்குத் தொழில் பக்தியோடு, மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயமும் இருந்தது.

தடிமனான வயர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கொள்முதல் குழு மூன்று முறை கூடி, ஆழ்ந்து விவாதித்து, பச்சை வயர் வாங்கியது. அலுவலகச் சின்னம் பச்சை. கடையில் பச்சையில் இருந்தது ஒல்லி வயர்தான்.

"சார், ஃப்ரிட்ஜ் இழுக்கிற கரன்ட்டை இது தாங்காது. சூடாகிப் பத்திக்கும்."

"கலர் பொருந்துதா, இல்லையா?" என்றார் மேலாளர்.

"பொருந்துது சார்."

"அப்புறம் என்ன?"

எலக்ட்ரீஷியன் தன்னால் ஆனதைச் செய்தார். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, அந்த ஒல்லி வயர் தாங்கும் அளவுக்கு, ஒரு பத்து ஆம்பியர் ஃப்யூஸ் போட்டார். ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்ததும் ஃப்யூஸ் போனது. மாற்றினார். அதுவும் போனது. ஒரே வாரத்தில் ஏழு ஃப்யூஸ்கள் பணியின்போது உயிர்நீத்தன.

அவசரக் கூட்டம் கூடியது.

"ஒரு ஃப்யூஸ் சும்மா சும்மா வேலையை நிறுத்துதுன்னா, ஒத்துழைப்பு இல்லைன்னு அர்த்தம்" என்றார் மேலாளர்.

"வயர் எரியறதுக்கு முன்னாடி அது தன்னை எரிச்சுக்குது சார். அதுக்குத்தான் அதை வச்சிருக்கு."

"அதாவது, எதிர்ப்புத் தெரிவிக்குது."

"ஆபத்தைத் தெரிவிக்குது சார்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று உதவி மேலாளர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

மேலாளர் தண்டிக்கும் ரகம் அல்ல. "சின்னப் பதவியில இருக்கிறதாலதான் எடுத்ததுக்கெல்லாம் கொதிக்குது. முப்பது ஆம்பியரா உயர்த்திடுங்க. பொறுமை தானா வரும்" என்றார். ஃப்யூஸின் பதவி உயர்வு ஏகமனதாக நிறைவேறியது.

"நான் போட மாட்டேன் சார். முப்பதுன்னா, வயர் எரிஞ்சாலும் ஃப்யூஸ் போகாது. அந்த சீட்ல என் மச்சினன் உக்கார்றான்."

"குடும்ப விஷயத்தை ஆபீசுக்குள்ள கொண்டு வராதீங்க."

உதவி மேலாளரே தம் திருக்கரத்தால் ஃப்யூஸைப் பொருத்தினார். கைதட்டல். பத்து நாள் ஃப்ரிட்ஜ் நிற்கவேயில்லை. 'புகார்கள்: இல்லை' என்று அறிக்கை போயிற்று. புகார் சொல்லக்கூடிய ஒரே ஆளான பத்து ஆம்பியர் ஃப்யூஸைத்தான் மாற்றியாகிவிட்டதே!

"மாப்ள, கருகல் வாசனை வந்தா வண்டியை அப்படியே விட்டுட்டு ஓடிரு" என்று எலக்ட்ரீஷியன் தினமும் சொல்லி அனுப்பினார்.

பதினோராம் நாள், நட்டநடு ரோட்டில் சீட்டுக்கடியிலிருந்து புகை கிளம்பியது. மச்சினன் குதித்துவிட்டான். ஆனால் மறுபடியும் உள்ளே போனான்.

"ஓடச் சொன்னேனேடா!" ஆஸ்பத்திரியில் அவன் கையில் தீக்காயத்துக்குப் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் எலக்ட்ரீஷியனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"குழந்தைங்க மருந்து உள்ள இருந்துச்சே மாமா. பாதியைத்தான் எடுக்க முடிஞ்சுது."

விசாரணை நடந்தது. வேனின் உட்புறம் சாம்பல். ஃப்ரிட்ஜ் சாம்பல். பச்சை வயர் கரி. எஞ்சின் பக்கம் முப்பது ஆம்பியர் ஃப்யூஸ் மட்டும் கட்டுக்குலையாமல் இருந்தது.

"இவ்வளவு நெருப்புலயும் அசரலையே!" என்று மேலாளர் நெகிழ்ந்துபோனார். ஃப்யூஸைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தம் அறையில் மாட்டச் சொன்னார். கீழே 'இக்கட்டிலும் பணியை நிறுத்தாத ஊழியர்' என்று எழுதியிருந்தது. பெட்டிக்குள் விளக்குப் போட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள்.

அவர் விளக்கைப் போட்டார். அளவான வயர், அளவான ஃப்யூஸ். பிறகு பெட்டியையும், பக்கத்தில் நின்ற மேலாளரையும் உதவி மேலாளரையும் நிதானமாக ஒருமுறை பார்த்தார்.

"பெட்டியை இன்னும் கொஞ்சம் பெரிசா செஞ்சிருக்கலாம் சார்."

"ஏன்? ஃப்யூஸுக்கு இது போதுமே."

"சுத்தி எல்லாம் எரிஞ்சப்போ ஒண்ணும் ஆகாம உக்காந்திருந்தது ஃப்யூஸ் மட்டும் இல்லையே சார். நீங்க ரெண்டு பேரும் எங்க உக்காருவீங்க?"