கூரைக்குள் பேப்பர் தூள்

என் உயிர் இருக்கும்வரை எங்கள் வீட்டுக் கூரைக்குள் பேப்பர் தூள் நுழையாது என்று சபதம் போட்டேன். அப்போது மனைவி குணவதி பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

சுங்கை பினாங்கில் எங்களுடையது தகரக் கூரை வீடு. மழை பெய்தால் மாடியில் ஆயிரம் பேர் சட்டி உருட்டுவது போலிருக்கும். அந்தச் சத்தத்தில் குணவதி கீழேயிருந்து கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. அதாவது, கேட்கும், ஆனால் கேட்காது. இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்கென்று மிஞ்சிய ஒரே உரிமை அது. அதற்கும் உலை வைக்க வந்தான் கோகிலன், கூரைக்கு வெயில் தடுப்புப் போடுகிறவன். கூப்பிட்டது குணவதி. மாடி வெயிலில் வேகிறதாம்!

"பழைய பேப்பரை அரைச்சு, மருந்து கலந்து, குழாய் வச்சு சிலிங் மேல ஊதிருவோம் அண்ணே. செல்லுலோஸ்."

"யாரைப் பார்த்து லூசுங்கிற?"

"அது பொருளோட பேருங்க" என்றாள் குணவதி. "உங்களைச் சொல்றதுன்னா தம்பி நேராவே சொல்லியிருப்பாரு. முன்னால செல்லு எதுக்கு?"

நான் விடவில்லை. "பேப்பர்னா தீப்பிடிக்குமே?"

"லேசுல பிடிக்காதுண்ணே. மருந்து இருக்குல்ல."

"எலி வருமே?"

"அந்த மருந்துக்குக் கரப்பான்கூட கிட்ட வராது."

"வெயில்?"

"இறங்காது. ஏர்கோன் பில்லும் குறையும்லா."

என்ன அநியாயம்! ஒரு பொருளுக்கு ஒரு குறைகூடவா இருக்காது?

"இன்னொன்னுண்ணே. பேய்மழை பேஞ்சாலும் மேல சத்தம் வராது. கீழ அக்கா பேசறது அப்படியே தெளிவா கேக்கும்."

என் ஒரே உரிமைக்கே வேட்டு! "மழைச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வராது. வேணாம்னா வேணாம்!" என்று கத்தினேன்.

குணவதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரிங்க. உங்க இஷ்டம்."

அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். வெற்றியோடு மாடிக்குப் போய், தனியாக அந்தச் சபதத்தையும் போட்டுவிட்டுப் படுத்தேன். சொல்லி வைத்த மாதிரி நவம்பர் மழை கொட்டியது. கோகிலன் கிளம்ப முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்னங்க! துணி நனையுது!"

எனக்குக் கேட்கவில்லை.

"என்னங்க! காதுல விழுதா?"

விழவில்லை.

பிறகு மாடிப்படி அடியிலிருந்து சாதாரணக் குரலில் ஒரு பேச்சு. "தம்பி, டுரியான் வெட்டட்டுமா? பாலிக் புலாவ் தோட்டத்துப் பழம். அவருக்குத்தான் ஒன்னும் கேக்கலையே, நாம சாப்பிடுவோம்."

"எனக்கு ரெண்டு சுளை எடுத்து வை!" என்று கத்திக்கொண்டே படிகளைத் தாவித் தாவி இறங்கினேன்.

கீழே பழம் இல்லை. குணவதி காலித் துணிக்கூடையோடு நின்றாள்.

"டுரியான் எங்கே?"

"நவம்பர்ல ஏதுங்க டுரியான்? சீசன் முடிஞ்சு மூணு மாசமாச்சே" என்று கூடையை என் கையில் வைத்தாள்.

கோகிலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான். "அக்கா, அப்ப எப்ப வந்து ஊதலாம்?"

"சிலிங்ல நாளைக்கே ஊதுங்க தம்பி. அவர் காதுல நான் இப்பவே ஊதிட்டேன்."